அறுபதுக்குப் பதில் இருபது

படக். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடியும் படக்.

மணி பதினொன்று தாண்டியிருக்கும், மேடம். வேர்க்கடலைத் தோடு உடைவது மாதிரி ஒரு சத்தம். ஆனால் கடலையை இவ்வளவு நிதானமாக யாரும் உடைக்க மாட்டார்கள். எலி என்றுதான் முதலில் நினைத்தேன். எழுந்து போய் ஹாலை எட்டிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் அமலன் டியூப் லைட் வெளிச்சத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். செய்தித்தாளை விரித்து, அதன்மேல் கறுப்புச் சில்லுகளைக் குவித்து வைத்து, கட்டிங் பிளேயரால் ஒவ்வொன்றாக எடுத்து நடுவில் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"தூங்கலியா நீ?" என்றார், தலை நிமிராமல்.

"என்னங்க பண்றீங்க?"

"பூச்சி நசுக்குறேன். போய்ப் படு."

அந்தச் சில்லுக்குப் பக்கத்துக்கு நாலாக எட்டுக் கால். அதை வைத்துத்தான் பூச்சி என்கிறார். அவருக்கு எப்போதும் விளையாட்டுப் பேச்சு உண்டு. இன்று மத்தியானம் கம்பெனியில் நீங்களே அதற்கு ஒருமுறை சிரித்தீர்கள், பார்த்தேன்.

நீங்கள் கேட்டது ஒரு பக்கம்தான். "சில்லை ஏன் மாத்தினீங்க, எதை எதோட ஒப்பிட்டீங்க, உங்க கைப்பட எழுதி வைங்க. காலைல ஏழு மணிக்கு நானே ஜீப்புல வந்து வீட்டுல வாங்கிக்கறேன்" என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னீர்கள். தொழிற்சாலைப் பாதுகாப்பு ஆய்வாளர் என்றதும் மீசை வைத்த ஒருவர் வருவார் என்று எண்ணியிருந்தேன். நீங்கள் வந்தீர்கள். அதனால்தான் பேனா நிற்காமல் ஓடுகிறதோ என்னவோ. ஒரு பக்கத்தில் அடங்காது மேடம். மன்னியுங்கள்.

கையெழுத்து கோணலாக இருப்பதற்கும் மன்னிப்பு. கான்வென்டில் கையெழுத்துக்கு மூன்று வருஷம் பரிசு வாங்கியவள் நான். மார்ஜின் போடாமல் ஒரு தாளைத் தொட்டதில்லை. இப்போது வலது கையில் நடுவிரலும் மோதிர விரலும் மடங்கவில்லை. சாயங்காலம் மேசை டிராயர் மூடியபோது விரல்கள் உள்ளே இருந்தன. சமையல் மேடையில் நின்றுகொண்டே எழுதுகிறேன். உட்கார்ந்தால் தூங்கிவிடுவேன், தூங்கினால் மாடிப்படிச் சத்தம் கேட்காது. குழந்தை ரினி காலடியில் பாயில் படுத்திருக்கிறாள். பத்து மாதம்.

அமலன் வெளியே போயிருக்கிறார். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். வரிசையாகச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

என் பெயர் ஜெனிட்டா. சரக்கு லிஃப்டுகளுக்குக் கன்ட்ரோல் போர்டு செய்யும் அந்தக் கம்பெனியில் நான் உதிரிப் பாகங்களுக்கு ஒப்புதல் கொடுக்கும் இன்ஜினியர். ஒரு பாகம் கிடைக்கவில்லை, அதற்குப் பதில் வேறு ஒன்றைப் போடலாமா என்று கேட்டால், இரண்டின் விவரத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, போடலாம் போடக்கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. அமலன் அங்கேயே கொள்முதல் மேனேஜர். வாங்குவது அவர், சரி என்பது நான். "வீட்லயும் இப்படித்தானா சார்?" என்று கேன்டீனில் கேலி செய்வார்கள். "வீட்ல அவ கையெழுத்தே வேண்டாம்யா, தலையாட்டினாப் போதும்" என்பார் இவர். நானும் சிரிப்பேன்.

ஒவ்வொரு மாடியிலும் ஒரு சின்ன போர்டு இருக்கும் மேடம். லிஃப்டின் கேட் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று அது மேலே இருக்கும் பெரிய போர்டுக்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். எல்லா மாடிக்கும் சேர்த்து இரண்டே வயர். அந்த வயரில் பேசுகிற வாய்தான் இந்த எட்டுக் கால் சில்லு. பள்ளியில் காலை அசெம்பிளியில் மைக் இல்லாமல் ஜெபம் வாசிக்கச் சொல்வார்கள். கடைசி வரிசையில் ஒரு சிஸ்டர் நிற்பார். கேட்கவில்லையென்றால் கையைத் தூக்குவார். வாசிக்கிறவளுக்குத் தொண்டை வேண்டும். சில்லுக்குத் தொண்டை என்பது கரன்ட். நாங்கள் வழக்கமாகப் போடும் சில்லு அறுபது மில்லி ஆம்பியர் வரை வயரில் தள்ளும். நாலு மாடி, ஈரம், பக்கத்திலேயே மோட்டார் இரைச்சல், எதுவானாலும் கடைசி வரிசை வரை கேட்கும்.

ஜனவரியில் அது சந்தையில் கிடைக்கவில்லை. அமலன் வேறொன்று கொண்டுவந்தார். அதே அளவு, அதே எட்டுக் கால், அதே இடத்தில் உட்காரும். பேறுகால விடுப்பு முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய இரண்டாவது வாரம். ரினிக்குப் பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகக் கிடக்கும், சுடிதார் நனைந்துவிடும், துப்பட்டாவை முன்னால் இழுத்து விட்டுக்கொண்டே விவரத் தாள்களைப் பார்த்தேன். புதுச் சில்லின் முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் இருநூற்றைம்பது மில்லி ஆம்பியர் என்று போட்டிருந்தது. அறுபதுக்கு எதிரே இருநூற்றைம்பது என்று எழுதினேன். 'பழையதைவிட நாலு மடங்கு பலம், போடலாம்' என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். மேசையில் இரண்டு மீட்டர் வயரில் சோதித்துப் பார்த்தார்கள், பாஸ். அந்தத் தூரத்தில் முணுமுணுத்தாலும் கேட்கும்.

அந்த இருநூற்றைம்பது வேறு கணக்கு, மேடம். இரண்டு வயரும் ஒன்றோடொன்று ஒட்டி ஷார்ட் ஆனால், அப்போது சில்லு வழியாக அதிகபட்சம் அவ்வளவுதான் போகும், அதற்கு மேல் போகாமல் அது தன்னைக் காத்துக்கொள்ளும் என்று அர்த்தம். கழுத்தை நெரிக்கும்போது எவ்வளவு தாங்கும் என்பது அது. வாயைத் திறந்து எவ்வளவு பேசும் என்பது ஆறாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. இருபது. தாங்குவதையும் வேலை செய்வதையும் ஒரே வரியில் வைத்துவிட்டேன். முதல் வருஷ மாணவிகூடச் செய்ய மாட்டாள் என்று நீங்கள் நினைக்கலாம். எங்கள் வேலையில் இருக்கிற எல்லாரும் ஒரு தடவையாவது செய்வார்கள். என் தடவையில் ஒரு மனுஷர் கால் இருந்தது.

இதை முதலில் எழுத வேண்டும் என்று நினைத்தேன். தப்பு என்னுடையது. அமலனுடையது அல்ல.

பதினெட்டு லிஃப்டுகளுக்கு அந்தச் சில்லோடு போர்டு போனது. பிப்ரவரியிலேயே புகார் வர ஆரம்பித்தது. கரூரில் லிஃப்ட் நடுவில் நின்றுவிடுகிறது, ஈரோட்டில் நிற்கிறது. ஒரு மாடியிலிருந்து செய்தி வராவிட்டால் உடனே நின்றுவிடும்படிதான் அப்போது அமைப்பு இருந்தது. ஒரு போர்டைத் திரும்ப வாங்கி, நீள வயர் போட்டு அளந்து பார்த்தேன். வயரில் பேச்சே இல்லை, வெறும் மூச்சு. விவரத் தாளை எடுத்து ஆறாம் பக்கம் வரை போனேன்.

அன்று ராத்திரி அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னேன். நேரம் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அது என் இரண்டாவது தப்பு.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்லங்க. உங்ககிட்டதான் முதல்ல."

"நல்ல பொண்ணு" என்றார். சாதத்தில் மோர் ஊற்றிக்கொண்டார். "நூத்தியிருபது சில்லு வாங்கியிருக்கேன் ஜெனி. இப்ப வந்து கணக்குத் தப்புன்னா, எம்.டி. என் முகத்துல என்ன பண்ணுவார்?"

"எல்லா போர்டையும் திரும்பக் கூப்பிட்டு மாத்திடலாங்க. எழுத்து மூலமா நான் ஒத்துக்கறேன். என் பேர்தானே கெடும்?"

"உன் பேரு யாருடி? நான்தான் உன் பேரு."

எழுந்து கை கழுவிவிட்டு வந்தார். துண்டில் துடைத்துக்கொண்டார். அதற்கப்புறம் என் தலை ஃப்ரிட்ஜில் பட்டது. மூன்று முறை. காதுக்குள் ஒரு விசில் சத்தம் கேட்டது, மறுநாள் மத்தியானம் வரை. தரையில் உட்கார்ந்திருந்தேன், அவர் குனிந்து, முடியை ஒதுக்கி விட்டு, "இனிமே விவரத் தாள் வீட்டுக்குள்ள வராது, என்ன?" என்றார். சரி என்றேன்.

அவர் குடிப்பவர் அல்ல. அதைத் தெளிவாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்வரிசையில் நிற்பார். சம்பளத்தை முழுதாகக் கையில் கொடுப்பார். கோபம் வந்தால் மட்டும் கை முந்திவிடும், அதுவும் எனக்கு மட்டும்தான். "உனக்குத் தாங்குற சக்தி ஜாஸ்தி டீ, வேற எவளாவதுன்னா ஓடியிருப்பா" என்று அவரே சொல்வார். உண்மைதான். நான் தாங்குவேன். பள்ளியில் முட்டி போட்டு முழு ஜெபமாலையும் சொல்ல வைத்தால் மற்றவர்கள் மயங்கி விழுவார்கள், நான் விழுந்ததே இல்லை.

சில்லை அவர் மாற்றவில்லை. சாஃப்ட்வேரை மாற்றச் சொன்னார். செய்தி வராவிட்டால் லிஃப்ட் நிற்க வேண்டாம், முப்பது விநாடிக்குக் கடைசியாக வந்த செய்தியே உண்மை என்று வைத்துக்கொள் என்று. அதோடு புகார் நின்றது. கரூர்க்காரர்கள் போன் பண்ணி, "இப்ப ஜம்முனு ஓடுதுங்க" என்றார்கள். அமலனுக்கு ஆபீசில் கை தட்டினார்கள். அதன் அர்த்தம் என்னவென்று எனக்குத் தெரியும். கேட் மூடியிருக்கிறது என்று ஒருமுறை செய்தி வந்துவிட்டால், அப்புறம் கேட்டைத் திறந்தாலும், திறந்த செய்தி போய்ச் சேராவிட்டால், முப்பது விநாடிக்கு அந்த லிஃப்டுக்கு எல்லாக் கேட்டும் மூடித்தான் இருக்கும். எனக்குத் தெரியும் மேடம். நான் கை தட்டினவர்களோடு நின்றேன். கை தட்டினேனா என்று ஞாபகம் இல்லை.

நாற்பத்தி ரெண்டு நாள் கழித்துத் திருப்பூரில் அந்தச் சாயப்பட்டறை. நீங்கள் இடத்தைப் பார்த்தீர்கள், ஆனால் நாலு நாள் கழித்து. நான் மறுநாள் காலையிலேயே கம்பெனி ஆட்களோடு போனேன். இரண்டாம் மாடியில் கார்மேகம் என்கிறவர் கேட்டைத் திறந்து, ஈரத்துணி வண்டியை லிஃப்டுக்குள் இழுத்திருக்கிறார். ஒரு கால் லிஃப்டில், ஒரு கால் தரையில். மேலே யாரோ பட்டனை அழுத்தியிருக்கிறார்கள். லிஃப்ட் எழும்பிவிட்டது. முழங்காலுக்கு மேலே மாட்டி, தரை விளிம்புக்கும் கேட் சட்டத்துக்கும் நடுவில். கூட வேலை செய்தவர் ஒருவர் சொன்னார், "அவரு கத்தல மேடம், எலும்புதான் கத்துச்சு." அன்று சிவப்புச் சாயம் போட்ட துணி. தரையெல்லாம் சிவப்பு. எது துணியுடையது எது அவருடையது என்று கழுவினவர்களுக்கே தெரியவில்லை.

இனி எழுதுவதை நீங்கள் அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். இரண்டாம் மாடி கேட் பூட்டுக்குள் ஒரு மரத்துண்டு செருகியிருந்தது, கார்மேகம்தான் வேலை சுலபமாகட்டும் என்று பூட்டை ஏமாற்றினார் என்று எங்கள் கம்பெனி உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறது. மரத்துண்டைக் காகித உறையில் போட்டும் கொடுத்திருக்கிறது. அந்தத் துண்டு எங்கள் போர்டு பேக்கிங் பெட்டியின் பிளைவுட். ஒரு ஓரத்தில் பச்சை அச்சு பாதி இருக்கும், பாருங்கள். அதை அமலன் தன் பேன்ட் பாக்கெட்டிலிருந்து எடுத்தார். நான் பக்கத்தில் நின்றேன். பூட்டில் வைத்து ஆள்காட்டி விரலால் தட்டி உள்ளே தள்ளிவிட்டு, "ஏம்ப்பா, இங்க வந்து பாருங்கப்பா!" என்று எல்லாரையும் கூப்பிட்டார். என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

கார்மேகத்தின் மனைவி தங்கமாரி அடுத்த திங்கட்கிழமை எங்கள் கம்பெனி கேட்டுக்கு வந்தாள். விருதுநகர் பக்கத்துப் பேச்சு. கைக்குழந்தையோடு வந்திருந்தாள், ரினி வயதுதான் இருக்கும். யார் உள்ளே போனாலும், "என் புருசன் கட்டை வைக்கல, என் புருசன் கட்டை வைக்கல" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லாரும் ஒதுங்கிப் போனார்கள். நான் ஒதுங்கத் தெரியாமல் நின்றுவிட்டேன்.

"ஏம்மா, நீ இன்ஜினியராம்ல. படிச்சவதான. ஒரு வார்த்த சொல்லு. அவரு கட்டை வச்சாரா?"

நான் துப்பட்டாவை முன்னால் இழுத்து விட்டுக்கொண்டேன்.

"புள்ள பெத்தவதான நீ? நெஞ்சுல பாலு நனைஞ்சுகிட்டு நிக்குதே, தெரியுது. சொல்லு."

நான் கீழே பார்த்தேன். அவள் ஓங்கி அறைந்தாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே, இடது கையால். அமலன் ஓடி வந்து அவளை நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார். குழந்தையோடு ஜல்லியில் விழுந்தாள். முழங்கை கிழிந்தது. குழந்தையைத் தரையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டே விழுந்தாள், அதை நான் பார்த்தேன். "நடிக்காம எந்திரிச்சுப் போ. இல்லன்னா அவனுக்கு மிச்சமிருக்கற ஒத்தக் காலும் இருக்காது" என்றார் அமலன். வாட்ச்மேன் சிரித்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் அவர் வண்டியை ஓரம் கட்டி, என் கன்னத்தைத் தொட்டு, "வலிக்குதாடா?" என்று கேட்டார். ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார். என்மேல் இன்னொருத்தர் கை வைத்தால் அவரால் பொறுக்க முடியாது. அன்று முழுவதும் என்னைத் தாங்கு தாங்கு என்று தாங்கினார். கல்யாணமான புதிதில் போல இருந்தது. இதையும் எழுதுகிறேன், ஏனென்றால் அவரைப் பற்றிக் கெட்டதை மட்டும் எழுதினால் அது நியாயமாகாது.

இனி இன்று.

நீங்கள் என்னைத் தனியாகக் கூப்பிட்டதை அவர் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறார். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நாலு பாண்டு பேப்பரை மேசையில் வைத்தார். இதே பேப்பர்தான். "சொல்றேன், எழுது. புதுச் சில்லின் வெளியீட்டு மின்னோட்டம் பழையதைவிட நான்கு மடங்கு அதிகம். ஆகவே விபத்துக்கும் சில்லுக்கும் சம்பந்தமில்லை."

"அது இருபதுதாங்க. மூணுல ஒரு பங்கு."

"இருநூத்தி அம்பதுன்னு நீதான எழுதின?"

"தப்பா எழுதினேன்."

"அதே தப்பை மறுபடி எழுதறதுல என்ன கஷ்டம்?"

எனக்கு அப்போது ஒன்று தோன்றியது, சொல்லிவிட்டேன். "ஒரு லிஃப்ட்தாங்க நின்னிருக்கு. மீதி பதினேழும் ஓடிட்டிருக்கு. நாளைக்கு இன்னொருத்தர் கால்."

டிராயர் பக்கத்தில் என் கை இருந்தது. பேனா எடுக்கத்தான் விட்டிருந்தேன். அவர் இடுப்பால் டிராயரைத் தள்ளி மூடினார். மூடிவிட்டு அப்படியே சாய்ந்து நின்றுகொண்டு, போனில் யாருடனோ கிரிக்கெட் ஸ்கோர் பேசினார். கத்தக்கூடாது என்று துப்பட்டாவைக் கடித்துக்கொண்டேன். பேசி முடித்துவிட்டு நகர்ந்தார். என் போனை எடுத்துத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். நான் முதலில் எழுதிய ஒப்பீட்டுத் தாளை ஆபீசிலிருந்து கொண்டுவந்திருந்தார், அதை நான் பார்க்கவே கிழித்துக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினார். ஸ்டோரில் மிச்சம் இருந்த சில்லுகள் இருபத்தி நாலு. அதைத்தான் பதினொரு மணிக்கு நறுக்கிக்கொண்டிருந்தார்.

"போய்ப் படு" என்றாரே, நான் போகவில்லை. கதவு நிலையில் நின்றேன். ரினி என் பின்னால் விழித்துக்கொண்டு தவழ்ந்து வந்ததை நான் கவனிக்கவில்லை. ஒரு சில்லு தெறித்து அவள் பக்கம் வந்திருக்கிறது. வாயில் போட்டுக்கொண்டாள். அமலன்தான் பார்த்தார். பாய்ந்து வந்து அவள் வாயைத் திறந்து எடுத்துவிட்டார். ஈறு கிழிந்து ரத்தம் வந்தது. பரவாயில்லை, தொண்டையில் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? குழந்தையைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தார். பிறகு எல்லாவற்றையும் பொட்டலம் கட்டி, "வாய்க்கால்ல போட்டுட்டு, ஆபீஸ் கம்ப்யூட்டர்லயும் ஒரு வேலை இருக்கு, முடிச்சுட்டு வந்துடறேன். நான் வரும்போது பேப்பர் எழுதியிருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் பைக்கை எடுத்துக்கொண்டு போனார்.

அவர் ஒன்றை யோசிக்கவில்லை மேடம். இருபத்தி நாலை நறுக்கினால் போதுமா? பதினேழு லிஃப்டிலும் அதே சில்லு பற்றவைத்து உட்கார்ந்திருக்கிறது. எந்த ஊரில் எந்த மில் என்று கடைசித் தாளில் எழுதியிருக்கிறேன், என் ஞாபகத்திலிருந்து. எதையாவது ஒன்றைத் திறந்து, மாடி போர்டின் வலது மூலையில் எட்டுக் கால் சில்லைப் பாருங்கள். எண் இருக்கும். அந்த எண்ணின் விவரத் தாளில் முதல் பக்கத்தை நம்பாதீர்கள், ஆறாம் பக்கம் போங்கள். ஆனால் திறந்து பார்ப்பதற்கு முன்னால், காலை ஷிஃப்ட் ஏறுவதற்கு முன்னால், எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லுங்கள். இதை மட்டும் எனக்காகச் செய்யுங்கள். கார்மேகம் கட்டை வைக்கவில்லை என்று தங்கமாரிக்கு யாராவது எழுத்து மூலம் சொல்லுங்கள். நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

எழுதி முடித்ததும் ஒருமுறை திரும்பப் படித்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்று சிஸ்டர்கள் எங்களைப் பழக்கியிருந்தார்கள். இப்போது படித்தேன்.

மேடம், ரினியைப் பற்றி எழுதிய இடத்தில் வரிசை தப்பு. திருத்தி எழுதுகிறேன்.

முதலில் அவர் எண்ணினார். நறுக்கின துண்டுகளை ஜோடி ஜோடியாகச் சேர்த்து வைத்து எண்ணினார். "இருபத்தி மூணு" என்றார். மறுபடி எண்ணினார். அப்போதே ரினியின் தாடை அசைந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு மூன்றாவது தடவை எண்ணினார். பிறகுதான் அவளை ஒற்றைக் காலைப் பிடித்து இழுத்தார். தலை தரையில் மோதியது. பிளேயரின் பிடியை வாய்க்குள் விட்டு நெம்பினார். நான் "விடுங்க, நான் எடுக்கறேன், விரலாலயே எடுத்துடலாம்" என்று கத்தினேன். முழங்கையால் என் வயிற்றில் இடித்தார். சில்லு வந்தது. அதைச் சட்டையில் துடைத்தார். வெளிச்சத்தில் பிடித்து எண்ணைப் பார்த்தார். நறுக்கினார். "இருபத்தி நாலு" என்றார். அவள் வாயைப் பார்க்கவில்லை. அவள் வாயை அவர் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை மேடம்.

அவள் வீறிட்டாள். பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தது. அவர் உள்ளங்கையால் அவள் முகத்தை மூடினார். வாயை மட்டும் இல்லை, மூக்கையும் சேர்த்து. நான் எண்ணினேன், எண்ணியது ஏனென்று தெரியவில்லை. பதினொன்று வரை எண்ணினேன். கால் உதைப்பது நின்றது. அப்புறம்தான் அவர் மணிக்கட்டைக் கடித்தேன். பல் இறங்கும் வரை கடித்தேன். கையை உதறிவிட்டு, கடித்த இடத்தைப் பார்த்து, "அட, இவளுக்குக் கடிக்கக்கூடத் தெரியுதே" என்று சிரித்தார். ரினி நீலமாக இருந்தாள், பிறகு மூச்சு இழுத்தாள்.

காப்பாற்றத்தான் என்று நான் எழுதியிருந்தேன். அந்த வரியை அடித்துவிடவில்லை, அடியில் கோடு மட்டும் போட்டிருக்கிறேன், நீங்கள் பார்க்கட்டும் என்று.

நான் தாங்குவேன் என்றும் எழுதியிருந்தேன். தாங்குவேன் என்றால் எவ்வளவு? ஃப்ரிட்ஜ் மூன்று முறை, டிராயர் ஒரு கிரிக்கெட் ஸ்கோர் நேரம். இவளுக்கு அந்தக் கணக்கு எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது? பதினொன்றா? நான் கடிக்காமல் இருந்திருந்தால் அவர் பதினைந்தில் எடுத்திருப்பாரா? இருபதில்? எனக்குத் தெரியாது. நாலு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியாது.

பைக் சத்தம் கேட்கிறது. தெருமுனையில்தான். எங்கள் வீடு மூன்றாம் மாடி, வண்டியை ஸ்டாண்டில் போட்டு ஏறி வர ரெண்டு நிமிஷம் ஆகும். அவரிடம் சாவி இருக்கிறது. ஆனால் வாசல் கதவின் உள்பக்கம் சாவிக்குக் கட்டுப்படாத இரும்புத் தாழ்ப்பாள் ஒன்று உண்டு. குடிவந்த நாளிலிருந்து நான் அதைத் தொட்டதில்லை. புருஷன் வெளியே இருக்கும்போது உள்ளே தாழ் போட்டால் அக்கம்பக்கத்தில் என்ன நினைப்பார்கள் என்று கூச்சம். இன்று நினைக்கட்டும். எல்லாரும் எழுந்து வந்து நினைக்கட்டும்.

மேடம், ஏழு மணிக்கு வந்து தட்டும்போது உங்கள் பெயரைச் சொல்லுங்கள். குரல் எனக்குத் தெரியும். வெளியே அவர் நின்றுகொண்டிருந்தால், உங்களிடம் ரொம்ப மரியாதையாகப் பேசுவார், உள்ளே எனக்குப் புத்தி சரியில்லை என்பார், நீங்கள் சிரிக்கிற மாதிரி ஏதாவது சொல்வார். சிரிக்காதீர்கள்.

போய்விட்டு வந்து எழுதுகிறேன், மேடம். தாழ்ப்பாள் துரு ஏறி இறுகிக் கிடந்தது. இரண்டு விரல் உதவாது என்பதால் உள்ளங்கையாலேயே அடித்தேன். முதல் அடியில் நகரவில்லை. படியில் செருப்புச் சத்தம் இரண்டாம் மாடிக்கு வந்துவிட்டது. இரண்டாவது அடியில் ரினி விழித்துக்கொண்டாள், அழவில்லை, பாயில் உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். மூன்றாவது அடியில் தாழ்ப்பாள் குழிக்குள் போய் விழுந்தது.